உருளைக்கிழங்கும் சோற்றுக் கணக்குதான்

கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டப் பெரியோர்களே!

விரல் அளவுள்ள சின்ன உருளைக்கிழங்கு வாங்கும்போது அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். பச்சை நிறம் பாய்ந்தது, முளை விட்டது வேண்டாம். அதிலுள்ள சொலனைன் என்ற நச்சு வேகவைத்தாலும் போகாது. கஷ்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு உணவை வீசக் கை வராது. ஆனாலும் இதை வீசிவிடுங்கள். நல்ல கிழங்கை வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள்.

தோலில் நார்ச்சத்து உண்டு. சீவாமல், மண் போகத் தேய்த்துக் கழுவி, முழுதாக வேகவையுங்கள். கத்தி எளிதாக இறங்கினால் பதம். 1 தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, மஞ்சள் சேர்த்துப் பிரட்டுங்கள். உப்பைக் குறைத்து எலுமிச்சை பிழியுங்கள்.

முக்கியமான விஷயம்: உருளைக்கிழங்கு காய்கறிக் கணக்கில் சேராது. சுகாதார அமைச்சு சொல்லும் தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு, பாதி காய்கறியும் பழமும். கிழங்கு அந்தச் சோற்றுப் பங்கில்தான் வரும். சோறும் கிழங்கும் சேர்ந்தால் இனிப்பு நீர் ஏறும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முதலில் கிளினிக்கில் கேளுங்கள்.

இன்று குழம்பில் கிழங்கு இருந்தால், சோற்றில் ஒரு கரண்டி குறையட்டும்.