பாறையிலிருந்து பட்டறைக்கு: கம்பளைச் சொற்பொழிவு



கம்பளை மன்னன் நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், 1344-இல், கடலாதெனியா விகாரையை எழுப்பிய சிற்பி கணேசுவராசாரி. தமிழ்ச் சிற்பியின் பெயரைப் பௌத்த விகாரைக் கல் காத்து வைத்திருக்கிறது. பெயரற்று மறைந்த தச்சர், கொல்லர், நெசவாளர் எத்தனை எத்தனை!

அவர்களைத் தேடிப் போனவர் ஆனந்த குமாரசுவாமி, சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர், 1877-இல் பிறந்தவர். அவர் கற்றதோ மண்ணியல். இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் தலைவராகக் கண்டி மலைநாட்டிலே திரிந்தார். பாறையைப் பார்க்கப் போனவர் பட்டறையைப் பார்த்தார். அரசு போய், மானிய நிலமும் போய், இறக்குமதிச் சரக்கின்முன் கைத்தொழிலாளர் நலிவதைக் கண்டார். அப்பயனே 1908-இல் வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’. 425 படிகளே அச்சாயின. அதுவும் வில்லியம் மொரிசின் பழைய கையச்சுப் பொறியில்! படங்கள் பல துணைவியார் எதெல் எடுத்தவை.

சிங்களக் கைவினைஞரின் வரலாற்றைத் தமிழர் ஒருவர் எழுதினார். இனப்பகை வளர்ப்போர் இதற்கு என்ன விடை சொல்வர்?

அத்தகையவருக்கு நாம் இங்கே ஓர் ஆசனம் இட்டோமா? அன்று இந்நாட்டில் பல்கலைக்கழகமே இல்லை. 1917-இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை அரும்பொருளகம் அவரை ஏற்றது. 1947-இல் மறையும்வரை அங்கேயே பணி. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942-இல் பிறந்தபோது அவர் வயது 65-ஐ நெருங்கியிருந்தது.