வினைச்சொல்லும் வேற்றுமொழியும்



பிழைப்பின் பொருட்டோ உத்தியோகத்தின் பொருட்டோ வேறு மாநிலத்தில் குடியேறிய தமிழர் பலர், முதல் ஓராண்டிற்குள் விந்தையானதொரு நிலையை எய்துகின்றனர். அரிசிக்கும் பருப்புக்கும் அவ்வூர் மொழியில் பெயர் தெரியும். தெருவுக்கும் தபால் நிலையத்திற்கும் பெயர் தெரியும். நூறு வரையில் எண்ணவும் தெரியும். ஆயினும், அண்டை வீட்டாருடன் இரண்டு வாக்கியங்கள் தொடர்ந்து பேச நேர்ந்தால் நா தடுமாறுகிறது. சொற்கள் இருக்கின்றன; பேச்சு இல்லை. இதற்குக் காரணம் யாது?

பெயர்ச்சொற்கள் எளிதில் சேர்ந்துவிடுகின்றன. வினைச்சொற்கள் அவ்வளவு எளிதில் வசப்படுவதில்லை என்பதே காரணம். பெயர் தெரியாத பொருளைக் கடையில் விரலால் சுட்டிக் காட்டினாலும் கிடைத்துவிடும். வினையை விரலால் சுட்ட இயலாது. செய்தவர் யார், செய்தது எப்போது, செய்தாரா செய்யவில்லையா, அவரை நாம் எவ்வளவு மதிக்கிறோம் என்பன யாவும் ஒரு வினைமுற்றுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அதனைத் திறக்கத் தெரிந்தவருக்கு அம்மொழி திறக்கிறது.

இதனை ஆராய்ந்து பார்ப்பதற்குச் சித்தூர், திருப்பதி வட்டாரம் மிகவும் ஏற்ற இடமாகும். 1911-ஆம் ஆண்டு வரையில் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராகச் சித்தூரே விளங்கிற்று. அவ்வாண்டில் சித்தூர் மாவட்டம் தனியே அமைந்தது. 1953 அக்டோபர் முதல் நாளன்று அது ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960 ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணிப் பகுதி அதனின்று பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடுகள் இத்தனை முறை இடம் மாறியும், தமிழும் தெலுங்கும் அங்கே அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தே வருகின்றன. திருமலைக் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம். தாளப்பாக்கம் அன்னமாசாரியரின் தெலுங்குக் கீர்த்தனைகளைப் பொறித்த செப்பேடுகளும் அக்கோயிலிலேயே காக்கப்பட்டு வந்தன. மார்கழி மாதத்தில் அங்கே வடமொழிச் சுப்ரபாதத்திற்குப் பதிலாகத் திருப்பாவை ஓதப்படுகிறது. சித்தூர் இராமவிலாச சபையின் நாடகங்களில் நடித்து ஊர்ப்பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட நாகையா, 1941-இல் தமிழில் ‘அசோக் குமார்’ படத்திலும், 1946-இல் தெலுங்கில் ‘தியாகய்யா’ படத்திலும் நடித்துப் புகழ் பெற்றார்.

தமிழும் தெலுங்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை 1816-ஆம் ஆண்டிலேயே சென்னைக் கலெக்டர் எல்லிஸ் சான்று காட்டி நிறுவினார். காம்பெல் என்பவர் வெளியிட்ட தெலுங்கு இலக்கணத்திற்கு எழுதிய குறிப்பில், வேர்ச்சொற்களையும் தொடரமைப்பையும் பக்கத்தில் பக்கம் வைத்து அவர் ஒப்பிட்டார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே, 1856-இல் வெளிவந்தது. உறவு இவ்வளவு நெருங்கியதாயின், தெலுங்கு தமிழர்க்கு எளிதாக வந்துவிட வேண்டுமன்றோ? எளிதுதான், ஆனால் எங்கே ஒத்திருக்கிறது, எங்கே விலகுகிறது என்பதை அறிந்தவர்க்கே எளிது.

‘வா’ என்னும் ஒரே வினையை எடுத்துக்கொள்வோம். ‘வந்தான்’ என்பதற்குத் தெலுங்கில் ‘வச்சாடு’ என்பர். இதில் இடர்ப்பாடில்லை. ‘வந்தாள்’ என்பதற்கு ‘வச்சிந்தி’ என்பர். ‘பேருந்து வந்தது’ என்பதற்கும் அதே ‘வச்சிந்தி’தான். இங்கேதான் தமிழர் திகைக்கின்றனர். “பெண்ணை அஃறிணையோடு சேர்த்துவிட்டார்களே!” என்று முகம் சுளிப்போரும் உண்டு. சற்றுப் பொறுத்துப் பன்மையைப் பார்த்தால் இந்த ஐயம் நீங்கும். பசுக்கள் வந்தால் ‘வச்சாயி’. ஆண்கள் வந்தாலும் பெண்கள் வந்தாலும் ‘வச்சாரு’. பன்மையில் பெண்கள் உயர்திணையிலேயே நிற்கின்றனர். மதிப்பிற்குரிய ஒரு பெண்மணியைக் குறிக்கும்போதும் ‘காரு’ என்னும் சொல்லைச் சேர்த்து ‘வச்சாரு’ என்றே சொல்கின்றனர்.

தமிழ் இலக்கணம் ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என ஐந்து அறைகள் வகுத்தது. தெலுங்கு அதே வீட்டை வேறு சுவர்களால் பிரித்துக்கொண்டது. கன்னடத்தில் ‘பந்தனு, பந்தளு, பந்திது’ எனத் தமிழைப் போன்றே பகுப்பு உண்டு. மலையாளத்தில் எல்லார்க்கும் எல்லாவற்றிற்கும் ‘வந்நு’ ஒன்றே போதும். அதனால் மலையாளிகள் ஆண் பெண் வேறுபாடு அறியாதவர் என்று எவரேனும் சொல்வரோ? ஒரு மொழியின் வினைவிகுதியைக் கொண்டு அம்மொழி பேசும் மக்களின் பண்பை அளப்பது முறையாகாது. நம் அளவுகோலால் பிறர் துணியை அளந்து, குறைகிறது என்று குற்றம் சொல்வது போன்றது அது.

இனி எதிர்மறையைக் காண்போம். தமிழில் ‘வரவில்லை’ என்பது பல வேலைகளைச் செய்கிறது. ‘நேற்று வரவில்லை’ என்கிறோம். ‘நாளைக்கு நான் வரவில்லை’ என்றும் சொல்கிறோம். தெலுங்கு இவ்விரண்டையும் ஒன்றாக்குவதில்லை. நடந்து முடிந்ததற்கு ‘ராலேது’. இனி நடவாததற்கு ‘ரானு, ராடு, ராரு’. திருப்பதியில் ஒரு மருத்துவமனை வாயிலில் நோயாளியுடன் நிற்கும் தமிழரை எண்ணிப் பாருங்கள். ‘டாக்டர் காரு ராலேது’ என்று பணியாளர் சொன்னால், இன்னும் வரவில்லை, காத்திருக்கலாம் என்பது பொருள். ‘டாக்டர் காரு ராரு’ என்றால், வரமாட்டார், வேறு வழி பார்க்க வேண்டும் என்பது பொருள். ‘டாக்டர்’ என்ற பெயர்ச்சொல் எவருக்கும் விளங்கும். அன்றைய பொழுதை நிர்ணயிப்பதோ அதன் பின்னே வரும் சிறு வினைச்சொல்.

இந்த ‘ராடு’ நமக்கு முற்றிலும் அயலானதும் அன்று. பழந்தமிழில் ‘வாரான்’, ‘செய்யான்’, ‘உண்ணான்’ என்ற எதிர்மறை வினைமுற்றுகள் உண்டு. இன்று ‘வரமாட்டான்’, ‘செய்யமாட்டான்’ என்று மாட்டு என்னும் துணைவினையை நாம் நாடுகிறோம். நாம் ஏட்டில் விட்டுவைத்த அமைப்பைத் தெலுங்கர் கடைத்தெருவில் வழங்குகின்றனர். அதுபோலவே, செய்யுளில் மட்டுமே நாம் காணும் ‘செப்பு’ என்னும் வினை, தெலுங்கில் குழந்தையும் பேசும் சொல். பள்ளியில் படித்த இலக்கணம் வீண் போகவில்லை என்பதை அயலூரில்தான் நாம் உணர்கிறோம்.

தனி வினையிலிருந்து தொடருக்கு வருவோம். ‘வருவேன் என்று சொன்னாள்’ என்னும் வாக்கியத்தைத் தெலுங்கில் ‘வஸ்தானனி செப்பிந்தி’ என்பர். நம் ‘என்று’ நிற்கும் இடத்தில் அவர்களுடைய ‘அனி’ நிற்கிறது. இரண்டும் சொல்லுதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்தே பிறந்தவை. அவள் பேசிய ‘வருவேன்’ என்னும் தன்மை வினை மாறாமல் அப்படியே நிற்கிறது. ஆங்கிலத்திலோ அதனை ‘அவள் வருவாள்’ எனப் படர்க்கையாக்கி, காலத்தையும் மாற்றியாக வேண்டும். அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் நாள்தோறும் காண்பது இதுவே: அகராதி கைகொடுக்கும் இடம் பாதி வழிதான், சொன்னவர் யார், செய்தவர் யார் என்பதை வினையின் போக்கே காட்டுகிறது.

வடக்கே சென்றால் வேறொரு காட்சி. இந்தியில் ‘ராம் ரொட்டி தின்றான்’ என்பதை ‘ராம்நே ரோட்டி காயீ’ என்கின்றனர். தின்றவன் ஆண், வினையோ பெண்பால். ஏனெனில் இறந்தகாலத்தில், செயப்படுபொருள் உள்ள இத்தகைய வாக்கியத்தில், வினை எழுவாயை விட்டுச் செயப்படுபொருளைப் பின்பற்றுகிறது. ரொட்டி அங்கே பெண்பால். ‘சீதாநே ஆம் காயா’ என்னும்போது தின்றவள் பெண், மாம்பழம் ஆண்பால், வினையும் ஆண்பால். தில்லியில் வாழும் தமிழர் பலருக்கு இது பல ஆண்டுகள் பிடிபடாதிருப்பதன் காரணம் அறிவுக்குறை அன்று. தமிழில் வினை எப்போதும் எழுவாயின் கைப்பிடித்தே நடந்து பழகியது. இந்தியில் அது சில வேளைகளில் கை மாறுகிறது. இவ்வொரு விதியை அறிந்துகொண்டால் பாதித் தடுமாற்றம் தீரும்.

குடும்பம் வேறாயினும் கூடி வாழ்ந்ததால் வந்த ஒற்றுமைகளும் உண்டு. ‘எழுதிக்கொள்’ என்கிறோம், தெலுங்கர் ‘ராசுகோ’ என்கின்றனர், இந்திக்காரர் ‘லிக் லோ’ என்கின்றனர். மூன்றிலும் முதன்மை வினைக்குப் பின் ‘பெறுதல்’ என்னும் வினை துணையாக வந்து, செய்வது தனக்காக என்று உணர்த்துகிறது. பிறருக்காகச் செய்வதாயின் நமக்கு ‘எழுதிக்கொடு’. அவர்களுக்கு ‘லிக் தோ’. ‘எனக்குத் தெரியும்’ என்பது தெலுங்கில் ‘நாகு தெலுசு’. எழுவாய் வரவேண்டிய இடத்தில் இரு மொழிகளும் நான்காம் வேற்றுமையையே வைக்கின்றன. இந்தியின் ‘முஜே’யும் அவ்வாறே. எமனோ என்னும் அறிஞர் 1956-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த இந்திய மொழிகள் நெடுங்கால உறவால் இலக்கண அமைப்பிலும் ஒன்றையொன்று ஒத்து வந்துள்ளன என்பதை எடுத்துரைத்தார். ஆகவே, எந்த மாநிலத்திற்குச் சென்றாலும் நாம் வெறுங்கையோடு செல்வதில்லை.

இவற்றைக் கற்பதற்கு வழி என்ன? ஐந்நூறு பெயர்களை மனப்பாடம் செய்வதற்கு முன், பத்தே வினைகளைத் தேர்ந்துகொள்வோம்: வா, போ, இரு, செய், கொடு, எடு, சொல், கேள், பார், தெரி. ஒவ்வொன்றுக்கும் நடந்தது, நடப்பது, நடவாதது, மரியாதையோடு ஏவுவது, ‘வந்து’, ‘செய்து’ போன்ற எச்சம், ‘வந்த’, ‘செய்த’ போன்ற பெயரெச்சம் ஆகிய ஆறு வடிவங்களை அவ்வூரார் வாயிலிருந்தே கேட்டு எழுதி வைப்போம். அறுபது வடிவங்கள்தாம். இடையில் தெரியாத பெயர் வந்தால் தமிழிலோ ஆங்கிலத்திலோ சொன்னாலும் கேட்பவர் புரிந்துகொள்வார். வினை சரியாக இருந்தால் வாக்கியம் நிற்கும்.

இதே உண்மைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அதுவே நம் வீடுகளைச் சார்ந்தது. ‘ஆபீசுக்கு பஸ்ஸில் போனேன்’ என்பதில் பெயர்கள் இரண்டும் அயல்மொழி. எனினும் அது தமிழ் வாக்கியமே. வேற்றுமை உருபும் வினைமுற்றும் தமிழாக இருப்பதே காரணம். பிள்ளைகள் பேச்சில் தெலுங்குப் பெயர்களும் இந்திப் பெயர்களும் கலப்பதைக் கண்டு பெற்றோர் வருந்துகின்றனர். அதைவிடக் கருத்தாகக் கவனிக்க வேண்டியது வினை. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்னும் வேறுபாடு குழந்தையின் நாவில் நிலைத்திருக்கும் வரையில் தமிழ் அங்கே குடியிருக்கிறது. அது குலைந்தபின் எத்தனை தமிழ்ப் பெயர்கள் மிஞ்சினும், அவை ஆள் இல்லாத வீட்டில் கிடக்கும் பாத்திரங்களே. ஆதலின் பாட்டியிடமும் தாயிடமும் குழந்தை கதை கேட்கட்டும். கேட்ட கதையைத் திரும்பச் சொல்லட்டும். கதை என்பது வினைமுற்றுகளின் கோவையன்றோ?

இறுதியாக ஒரு சொல். இப்பேச்சின் தொடக்கமுதல் ‘நாம்’ என்றே சொல்லி வருகிறோம். ‘நாங்கள்’ என்றிருந்தால் கேட்கும் நீங்கள் புறத்தே நின்றிருப்பீர்கள். இந்தியின் ‘ஹம்’ இவ்வேறுபாட்டைக் காட்டாது. தெலுங்கு காட்டும்: நாங்கள் என்பதற்கு ‘மேமு’, நாம் என்பதற்கு ‘மனமு’. ‘மா ஊரு’ என்றால் எங்கள் ஊர். ‘மன ஊரு’ என்றால் நம் ஊர். சித்தூரிலோ திருப்பதியிலோ குடியேறிய தமிழரிடம் அண்டை வீட்டார் பேசும்போது ‘மன ஊரு’ என்றால், அவர்கள் நம்மைத் தம்முள் ஒருவராக எண்ணிவிட்டார்கள் என்று கொள்ளலாம். அச்சொல்லின் பொருள் அறியாமல் அதனைக் கடந்து செல்வது பெரும் இழப்பாகும். அறிந்து, நாமும் ‘மன ஊரு’ என்று மறுமொழி சொல்லுவோமாக. வீட்டிற்குள் திரும்பியதும், நம் குழந்தைகளிடம் ‘நம் ஊர்’ என்று தமிழில் சொல்லவும் மறவாதிருப்போமாக.