எல்லையிடப்படாத இடுகாடுகள்

(ஹாலிஎலவில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



ஹாலிஎலவைச் சூழ்ந்த தோட்டங்களிலே, தேயிலை மலைகளின் ஓரங்களில், மானாப்புல் மூடிய மண்மேடுகள் பல உள. அவற்றிற் பலவற்றுக்குக் கல்லுமில்லை, பெயருமில்லை, ஆண்டுக்கொரு முறை விளக்கேற்றுவாரும் இல்லை. விளக்கேற்ற வேண்டிய மக்களும் பேரரும் கடல் கடந்து அனுப்பப்பட்டு விட்டனர்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரிடம் யாது கேட்டது? இங்கு பிறந்தவனிடம், தந்தையும் இங்கு பிறந்தமைக்குச் சான்று கேட்டது. அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயக்காம்பராவில் பிறந்தவனிடம் கடதாசி ஏது? பாட்டனைப் புதைத்த குழியை அவனால் காட்ட முடிந்தது. அதனைச் சான்றாக ஏற்கச் சட்டத்தில் இடமிருக்கவில்லை.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என இரு அரசுகளும் பிரித்துக்கொண்டன. எஞ்சிய 150,000 பேரை 1974இல் செம்பாதியாகப் பகிர்ந்தன. அம்மக்களிடம் எவரும் கலந்து பேசவில்லை. ஊவாத் தோட்டக் குடும்பங்கள் பலவும் தலைமன்னாரை நோக்கிப் புகையிரதம் ஏறின. அவ்வண்டிக்கு மலையகம் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. மண்ணுக்குள் விட்டுச் சென்ற தாய் தந்தையருக்கும் சேர்த்தே அந்த ஒப்பாரி எழுந்தது. 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியேறிய ஏழைகள் மீண்டு வந்து திதி கொடுக்கும் வழியும் அடைபட்டது.

2003ஆம் ஆண்டின் சட்டம் இங்கு எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கியது. எனினும் நிலம் நம் கைக்கு வரவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளுக்குச் சென்றது. தொழிலாளரின் இடுகாடும் அத்தோட்ட நிலத்துக்குள்ளேயே அடங்கியுள்ளது. எல்லையிடாத இடுகாட்டின் மீது நாளை பாதை வெட்டினால், மரக்கறிப் பாத்தி போட்டால், எதைக் காட்டி நாம் தடுப்போம்?

வீட்டுக்கு நிலம் கேட்கும் சமூகம் தன் முன்னோர் கிடக்கும் நிலத்தைக் கைவிடலாகாது. தலைமுறைகள் இங்கு வாழ்ந்தமைக்கு அதனினும் பழைய சாட்சி நம்மிடம் ஏது?

எனவே நாம் வேண்டுவது இதுவே. ஆசிரியர்கள், நினைவுள்ள முதியோரிடம் கேட்டு, இன்னார் இவ்விடத்தில் என்று ஏட்டில் எழுதுக. நில அளவையாளர்கள் இடுகாட்டின் எல்லையை வரைபடத்தில் குறிக்க. வழக்கறிஞர்களாகிய நாம், தோட்டக் காணி எவர் கைக்கு மாறினும் இடுகாடு ஒதுக்கப்பட வேண்டுமென எழுத்தில் கோருவோம். 2018ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் பிரதேச சபைகள் தோட்டங்களிலும் பணிசெய்ய வழி பிறந்துள்ளது. வேலி கட்டித் தருமாறு சபையைக் கேட்போம். கமக்காரச் சகோதரர்களே, உங்கள் மண்வெட்டி அவ்வெல்லையில் நிற்கட்டும்.

முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். வருகின்ற தை மாதத்துக்குள் தோட்டந்தோறும் ஒரு பெயர்ப்பட்டியலேனும் ஆயத்தமாக வேண்டும். இன்றே தொடங்குவோம்.