சுருட்டை மயிரும் சுருங்கும் கணக்கும்

(சிவகாசிக்கு அடுத்த ஓர் ஊரில், பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் குடும்பங்கள் கூடியிருந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்.)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் தலைமயிர். அதிலும் நன்றாக இறுகச் சுருண்ட தலைமயிர். இதைக் கேட்டதும் உங்களில் சிலர் சிரிக்கிறீர்கள். சாதியைப் பற்றியும் சாமியைப் பற்றியும் பேச வேண்டியவன் மயிரைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்கிறீர்கள் போலும். ஆனால் பெண்கள் பக்கத்தில் சிலர் சிரிக்கவில்லை. அவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். பெண் பார்க்க வருகிறவர்கள் சுருட்டை மயிருள்ள பெண்ணின் குட்டைப் பின்னலைப் பார்த்து, "முடி வளரவில்லையே, உடம்பில் ஏதாவது கோளாறா?" என்று கேட்டுவிட்டுப் போவதும், அந்தப் பெண்ணின் தாய் சனிக்கிழமை வாங்கிய கூலியை அழகு நிலையத்தில் கொடுத்து மகளின் மயிரை மருந்து போட்டு நீட்டிவிட்டு வருவதும் நம் பக்கத்தில் நடக்காத காரியமா? அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்திருந்தால் கூலியும் மிச்சம், மயிரும் மிச்சம். ஆகவேதான் இதைப் பேசுகிறேன்.

மயிர் வளரவில்லை என்பது முழுப் பொய். எந்தத் தலையிலும் மயிர் மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளருகிறது. சுருட்டைக்குச் சற்றுக் குறையலாமே தவிர நின்றுவிடுவதில்லை. நனைத்து நுனியைப் பிடித்து நீட்டினால் இடுப்புக்கு வருகிற மயிர், உலர்ந்ததும் தோளுக்கு ஏறிக்கொள்ளுகிறது. இறுகச் சுருண்ட மயிர் உள்ள நீளத்தில் பாதிக்கு மேலும், சிலருக்கு முக்கால் பங்கு வரையிலும் கூடச் சுருங்கிக் காட்டும். அது மறைந்திருக்கும் நீளமே ஒழிய இல்லாத நீளமல்ல.

இதற்குச் சாமுத்திரிகா லட்சணக்காரன் ஒரு பலன் சொல்லுவான். சோசியன் ஒரு கிரகத்தைச் சொல்லுவான். மதுரைத் திருவிளையாடற் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா இல்லையா என்று சிவனும் நக்கீரனும் சண்டை போட்டு, நெற்றிக்கண் திறக்கிற வரைக்கும் போயிற்று. மயிருக்குச் சொந்தக்காரியை, "அம்மா, நீ என்ன சொல்லுகிறாய்?" என்று ஒருவராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் எண்ணெயின் விலை முதற்கொண்டு சொல்லியிருப்பாள். நிற்க.

உண்மைக் காரணம் என்னவெனில், மயிர் தலைத்தோலில் ஒரு சிறு குழியிலிருந்து முளைக்கிறது. குழி நேராயிருந்தால் நேர் மயிர். வளைந்திருந்தால் சுருள் மயிர். மயிர் என்பது கெரட்டின் என்னும் புரதத்தாலான உயிரற்ற நார். அந்த நாருக்குள் இரண்டு விதமான கட்டுகள் முக்கியமானவை. ஒன்று கந்தகக் கட்டு. ஆம், நம் மருந்து அறைகளில் இருக்கிற அதே கந்தகந்தான். அது லேசில் விடாது. மற்றொன்று ஹைட்ரஜன் கட்டு. அது தண்ணீர் பட்டால் விட்டுவிடும். உலர்ந்தால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும்.

காகிதக் குழாய் சுருட்டுகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பசை தடவி ஈரமாயிருக்கும்போது காகிதம் சொன்னபடி கேட்கிறது. எந்த வடிவத்தில் உலர்ந்ததோ அந்த வடிவத்திலேயே விறைத்து நிற்கிறது. மழையில் நனைந்தால் தொளதொளத்துப் போகிறது. மயிரும் அப்படியே. நனைந்ததைச் சும்மா விட்டால் தன் பிறவிச் சுருளிலே உலர்ந்து சுருங்கும். நீட்டிப் பிடித்து உலர்த்தினால் நீண்டே உலரும். ஈரம் பட்டால் பழையபடி சுருளும். தமிழில் கூந்தலுக்கும் குழாய்க்கும் 'குழல்' என்று ஒரே சொல்லை வைத்தவர்கள் இதைக் கண்டுதான் வைத்தார்களோ என்னவோ!

இதில் வேறொரு சங்கதியும் இருக்கிறது. தோலில் ஊறும் எண்ணெய்ப் பசை நேர் மயிரில் நுனி வரை வழுக்கிக்கொண்டு போய்விடும். சுருளில் திருப்பத்துக்குத் திருப்பம் தங்கிவிடுகிறது. ஆதலால் நுனி வறண்டு, வளைவு வளைவாய் ஒடிகிறது. வேரில் வளர்ந்துகொண்டும் நுனியில் ஒடிந்துகொண்டும் இருந்தால் நீளம் எப்படிச் சேரும்? வரவுக்குச் சரியாய்ச் செலவிருக்கிற குடும்பத்தில் பணம் சேருகிற மாதிரிதான்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? தலை முழுகுவதற்கு முன் தேங்காயெண்ணெய் தடவுங்கள். இது பாட்டி சொன்னாள் என்பதற்காக அல்ல. தேங்காயெண்ணெய் மயிருக்குள் இறங்கி, கழுவும்போது புரதம் போவதைக் குறைக்கிறது என்று 2003-ல் பம்பாய் ஆராய்ச்சிக்காரர்கள் சோதித்து எழுதியிருக்கிறார்கள். தினம் சீயக்காய் போட்டுத் தேய்க்காதீர்கள். அது வறட்சியை அதிகமாக்கும். செம்பருத்தி இலையைக் கசக்கினாலும், வெந்தயத்தை ஊறவைத்தாலும் வழவழப்பான ஒரு கூழ் வருகிறதல்லவா? அதைப் பூசி, மயிர் ஈரமாக இருக்கும்போதே, முதலில் விரலாலும் பிறகு பல் அகன்ற சீப்பாலும், நுனியிலிருந்து மேல் நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். உலர்ந்த சுருட்டையை உச்சியிலிருந்து கீழே வறட்டு வறட்டென்று வாருவது மயிரைப் பிடுங்குகிற வேலை.

சிக்கெடுத்தானதும், நீளம் வேண்டுமென்கிறவர்கள் ஈரம் சொட்டாத பக்குவத்தில் தலையை ஆறு அல்லது எட்டுப் பாகமாக வகிர்ந்து, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பின்னலாகப் போட்டு, முழுக்க உலர்ந்த பிறகு அவிழ்க்க வேண்டும். அரைகுறை ஈரத்தில் அவிழ்த்தால் அத்தனையும் வீண். மேற்கு ஆப்பிரிக்காவில் யொருபாப் பெண்கள் ஒவ்வொரு கற்றையையும் கறுப்பு நூலால் அடியிலிருந்து நுனி வரை சுற்றி நீட்டிவைக்கிறார்கள். நெருப்பும் இல்லை, மருந்தும் இல்லை, ஒரு நூற்கண்டின் செலவு. நாமும் செய்யலாம். ஆனால் எதையும் தோல் இழுபடும்படி இறுக்காதீர்கள். வருஷக் கணக்கில் இறுக்கிக் கட்டினால் நெற்றியோரத்து மயிர் உதிர்ந்து, பிறகு முளைக்காமலே போய்விடும்.

இப்படி நீட்டிய மயிர் எத்தனை நாள் நிற்கும் என்பது காற்றிலுள்ள ஈரத்தைப் பொறுத்தது. இந்தக் கரிசல் பூமியின் வறட்சியை நம்பித்தானே 1923-ல் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இங்கே தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். குச்சி உலர்த்த உதவும் அதே வறட்சி, நீட்டிய மயிர் கலையாதிருக்கவும் உதவுகிறது. ஐப்பசி மழைக்காற்று வீசினால் ஒரே நாளில் சுருண்டுவிடும். அதோடு சண்டை போடுவது வீண் வேலை. அந்த இரண்டு மாதம் சுருளாகவே இருக்கட்டும்.

பட்டாசு ஆலையில் வேலை செய்யும் சகோதரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உராய்வில் பிறக்கும் மின்சாரம் மருந்தைப் பற்றவைக்கும் என்பதற்காகத்தானே உங்களைப் பருத்தி உடுத்தச் சொல்லுகிறார்கள். உள்ளே நுழையுமுன் உலோகத் தகட்டைத் தொடச் சொல்லுகிறார்கள். வறண்ட மயிரைப் பிளாஸ்டிக் சீப்பால் வாரினால் சடசடவென்று கேட்பதும் அதே மின்சாரந்தான். ஆகையால் ஆலைக்குள் எங்கேயும் தலை வாராதீர்கள். வீட்டிலேயே பின்னிக் கட்டி, பருத்தித் துணியால் மூடிக்கொண்டு போங்கள். அலுமினியத் தூளும் மயிரில் அவ்வளவாக ஏறாது. வியர்வையில் உள்ளே சுருங்கிவிடுமே என்று மூடாமல் இருக்க வேண்டாம். சுருங்கினால் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் நீட்டிக்கொள்ளலாம்.

இனி அந்த மருந்து நீட்டலுக்கு வருகிறேன். கந்தகக் கட்டை அறுத்தால்தான் மயிர் நிரந்தரமாய் நேராகும். அதற்காகச் சில மருந்துகளில் சோப்புக் காய்ச்சும் காஸ்டிக் சோடாவையே சேர்க்கிறார்கள். சிலவற்றிலிருந்து பிணத்தைக் கெடாமல் வைக்கிற பார்மால்டிஹைடு ஆவி கிளம்புகிறது. கிளையாக்சிலிக் அமிலம் கலந்த மருந்தால் சிறுநீரகம் கெட்டவர்களைப் பற்றி மருத்துவப் பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. அமெரிக்காவில் 33,497 பெண்களைப் பல வருஷம் கவனித்து 2022-ல் வெளியிட்ட கணக்கின்படி, நீட்டு மருந்தே போடாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரக்கூடியவர்கள் நூற்றுக்கு 1.64, அடிக்கடி போடுகிறவர்களில் 4.05. மருந்துதான் காரணம் என்று அவர்கள் அறுதியிட்டுச் சொல்லிவிடவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு சந்தேகமுள்ள சரக்கைக் காசு கொடுத்துத் தலையில் கொட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன வந்தது?

அந்த நாட்டில் அவசியம் எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். 1786-ல் லூசியானாவை ஆண்ட ஸ்பானியக் கவர்னர் மீரோ, கறுப்பு இரத்தமுள்ள சுதந்திரப் பெண்கள் தலையைத் துணியால் கட்டி மறைக்க வேண்டுமென்று உத்தரவு போட்டார். எஜமானன் மயிர் நேராயிருந்தது. ஆதலால் நேர் மயிர் உயர்ந்தது, சுருட்டை தாழ்ந்தது என்றாயிற்று. பிறவிச் சுருளோடு வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களைத் தள்ளிவைக்கக் கூடாதென்று கலிபோர்னியாவில் சட்டம் வந்தது 2019-ல்! நம்மூரில் அப்படி உத்தரவு போட்ட கவர்னர் யாரும் இல்லை. சம்பந்தம் பேச வருகிற மாமியார் போதும்.

கடைசியாக, கத்தரித்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு. 1931 ஆகஸ்டில் விருதுநகரில் மூன்றாவது சுயமரியாதை மாநாடு கூடிய காலத்திலேயே, பெண்கள் கிராப்பு வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சு நம் இயக்கத்தில் இருந்தது. பெரியாரும் அதை வற்புறுத்தி வந்தார். பெரியார் சொன்னார் என்பதற்காக யாரும் வெட்டிக்கொள்ள வேண்டாம். உங்களுக்குச் சௌகரியமென்று பட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் சுருட்டையை ஈரத்தில் அளந்து வெட்டினால் ஏமாந்து போவீர்கள். ஈரத்தில் நான்கு அங்குலம் விட்டது, உலர்ந்தால் இரண்டு அங்குலமாகவோ அதற்கும் குறைவாகவோ நிற்கும். ஆதலால் இங்கே வந்திருக்கிற முடிதிருத்தும் தோழர்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன்: தண்ணீர் தெளிக்காமல், மயிர் முழுக்க உலர்ந்து, தன் சுருளில் நிற்கும்போது கத்தரி வையுங்கள். வேண்டியதைக் காட்டிலும் ஓர் அங்குலம் கூடவே விட்டு வெட்டி, கண்ணாடியில் காட்டி, அந்த அம்மாளின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு மிச்சத்தை எடுங்கள்.