மூன்று விரல் இடைவெளி

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆறாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவி இருந்தாள். வாசிக்கச் சொன்னால் முணுமுணுப்பாள். மதிய உணவில் எல்லோரும் தட்டைக் கழுவிய பிறகும் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாள். "வாயைத் திறந்து படி" என்று பலமுறை கடிந்துகொண்டேன். அவளால் திறக்க முடியாது என்பது எனக்குத் தெரியவில்லை.

அவள் அப்பாவிடம் கேட்டேன். "நாலு வயசுல தறிக்குடோன் படியில உழுந்து தாவாக்கட்டையில அடிங்க சார். காயம் ஆறிருச்சுங்க, அப்புறம் கண்டுக்கலீங்க" என்றார்.

காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். அங்கே அசைவதுதான் தாடை மூட்டு. சிறுவயதில் மோவாயில் அடிபட்டால் அந்த மூட்டின் எலும்பு முறியலாம். காதில் வரும் சீழும் அதுவரை பரவலாம். கவனிக்காமல் விட்டால் மூட்டு ஒட்டிப்போகும். வாய் திறக்காது, அந்தப் பக்கத் தாடையின் வளர்ச்சி குன்றும், மோவாய் அதே பக்கம் கோணும், பல்வரிசை பொருந்தாது. இரு பக்கமும் ஒட்டினால் மோவாய் உள்வாங்கி, தூக்கத்தில் மூச்சுத் திணறும். பிள்ளைகள் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்யும் முகத்துக்குப் பின்னால் இப்படியொரு நோய் இருக்கலாம்.

சோதிப்பது எளிது. மாணவர் தம் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு இடையே வைக்கட்டும். யாரையும் தனியே நிறுத்தாமல், கை கழுவியபின் வகுப்பு முழுவதையும் செய்யச் சொல்லுங்கள். விரல்கள் நுழையாவிட்டால் வலிந்து திறக்க வேண்டாம், மருத்துவரிடம் அனுப்புங்கள். வலியில்லாமல் 'டக்' என்ற சத்தம் மட்டும் கேட்டால் பெரும்பாலும் பயமில்லை.

2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வருகிறது. அவர்கள் பிள்ளையை ஒருநாள் பார்க்கிறார்கள். அது சாப்பிடுவதை நாம் தினமும் பார்க்கிறோம். அந்தக் குழுவிடம் நாம்தான் சொல்ல வேண்டும்.

என் மாணவிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஆனால் அதோடு முடியவில்லை. வாய் திறக்கும் பயிற்சியைப் பல மாதங்கள் செய்யாவிட்டால் மூட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளும். வலிக்கும் என்பதால் பிள்ளைகள் நிறுத்திவிடுவார்கள். அம்மாவுக்கு மில்லில் ஷிப்ட். பகல் பயிற்சி பள்ளியின் பொறுப்பாயிற்று. மருத்துவர் சொன்னபடி, ஒவ்வொரு இடைவேளையிலும் ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு இடையே வைப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து குச்சிகளை எண்ணுவது என் வேலை.

நாளை மதியம் உணவு வரிசையில் கடைசியாக எழுந்திருப்பது யார் என்று பாருங்கள். கடிந்துகொள்ளும் முன் காரணத்தைக் கேளுங்கள். நான் கேட்கத் தாமதித்தேன்.