கங்காபல் ஏரியில் ஒரு நாள்



காசுமீரத்து ஹர்முக் மலையடியில், 3,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்துள்ளது கங்காபல் ஏரி. நாராநாக்கிலிருந்து மலையேறி, நந்தகோல் ஏரிக்கரையில் இரவு தங்கிய நாங்கள் அறுவர், மறுநாட்காலை அனுமதிச் சீட்டும் தூண்டிலுமாக அங்குச் சென்றோம்.

நண்பகல்வரை ஒரு மீனும் அகப்படவில்லை. விரல்கள் விறைத்துப் போயின. பின்னர் எங்களுள் இளையவனாகிய சிறுவனின் தூண்டிலில் டிரவுட் மீன் ஒன்று சிக்கிற்று. ஆயினும் அது சாண் அளவும் இல்லை. சிறு மீனை நீரிலேயே விட்டுவிடல் வேண்டும் என்பது விதி. அன்னைக்குக் காட்ட வேண்டுமென்று அவன் கண் கலங்கினான்.

அம்மீனின் வரலாற்றை அவனுக்கு எடுத்துரைத்தோம். 1899இல் கடல் கடந்து வந்த முட்டைகள் வழியிலேயே அழிந்தன. 1900இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவையே பிழைத்துக் காசுமீர நீர்நிலைகளில் பெருகின.

“அப்படியானால் இதுவும் நம்மைப்போல் வெளியூரிலிருந்து வந்ததுதானா?” என்று வினவியவன், தானே குனிந்து அதனை நீரில் விட்டான்.

மூடுபனி இறங்கவே கூடாரம் திரும்பினோம். அவ்வுயரத்தில் நீர் ஏறத்தாழ 88 பாகையிலேயே கொதித்துவிடுமாதலால், அரைவேக்காட்டுச் சோறே அன்றைய விருந்து. அதனை மகிழ்வுடன் உண்டோம்.