முன்பாரம்

விக்டோரியா நாள் நீண்ட வார இறுதி வந்துவிட்டால், ஒன்ராறியோவில் வடக்கு நோக்கிப் போகும் சாலைகளில் பிக்கப் ட்ரக்குகளின் பின்னால் பயண ட்ரெய்லர்கள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் அடங்கிய, சக்கரம் பூட்டிய சிறு வீடுகள் அவை. அப்படி ஒன்றை வாங்கப் போகிறவர் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறார். அது ட்ரக் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் இழுவைத் திறன். ‘என் வண்டி ஐயாயிரம் கிலோ இழுக்கும், இந்த ட்ரெய்லர் மூவாயிரத்தைந்நூறுதானே’ என்பது அவர் கணக்கு. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சாதாரண அரை டன் பிக்கப் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்தக் கணக்கு அநேகமாகத் தப்பு.

அந்த ஐயாயிரம் பொய் எண் அல்ல. முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் அளந்து சொல்லிக்கொண்டிருந்தது. 2008இல் எஸ்.ஏ.ஈ. என்ற பொறியாளர் அமைப்பு ‘ஜே 2807’ என்னும் பொது அளவுமுறையை வெளியிட்டது. டொயோட்டா 2011ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து அதைக் கைக்கொண்டது; மற்றவர்கள் ஆறுதலாகப் பின்னால் வந்தார்கள். அந்த முறைப்படி, அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே ஏறும் பதினெட்டு கிலோமீட்டர் மேட்டில், கொளுத்தும் வெயிலில், ஏசியை முழுதாகப் போட்டபடி, வேகம் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்காமல் ட்ரக் ஏறியாக வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் ட்ரக்கினுள் இருப்பதாக எடுத்துக்கொள்ளப்படுபவர்கள் இரண்டே பேர், ஆளுக்கு 68 கிலோ. ட்ரெய்லரின் எடையில் பத்து சதவீதம் மட்டுமே ட்ரக்கின் மேல் இறங்குவதாகக் கணக்கு. பிள்ளைகள் இல்லை, சைக்கிள் இல்லை, ஐஸ் பெட்டி இல்லை. இப்படி விடுமுறைக்குப் போகிற குடும்பம் எங்கே இருக்கிறது?

நாம் பார்க்க வேண்டிய எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சிறிய ஸ்டிக்கரில் இருக்கிறது. பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். இதுதான் பேலோட். ஒரே மாடல் ட்ரக்கிலும் இது வண்டிக்கு வண்டி மாறும். கண்ணாடிக் கூரை, மின்சார இருக்கை, நான்கு சக்கர இயக்கம் என்று சேரச் சேர எண் சுருங்கும். அதாவது கூடுதல் விலை கொடுத்து வாங்கும் சொகுசு வண்டி குறைவாகவே சுமக்கும். ஸ்டிக்கரில் 680 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பெற்றோரும் வளர்ந்த இரு பிள்ளைகளும் 275 கிலோ. பின்பெட்டியில் ஜெனரேட்டர், விறகு, சைக்கிள்கள் 80 கிலோ. ட்ரெய்லரைப் பூட்டும் ஹிட்ச் 40 கிலோ. மிச்சம் 285. ட்ரெய்லர் எடையில் பதின்மூன்று சதவீதம் ட்ரக்கின் மேல் இறங்கும் என்றால், 285 கிலோவுக்கு ஏற்ற ட்ரெய்லர் ஏறக்குறைய 2,200 கிலோ. ஐயாயிரம் எங்கே, இது எங்கே!

‘பதின்மூன்று எதற்கு? சாமான்களைப் பின்னுக்குத் தள்ளி வைத்தால் ட்ரக்கின் மேல் பாரம் குறையுமே’ என்று ஒருவர் கேட்கலாம். இதற்குப் பதில் பழைய மாட்டு வண்டிக்காரருக்குத் தெரியும். மூட்டைகள் முன்னால் கூடினால் முன்பாரம், நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் பின்பாரம், நுகம் மேலே தூக்கும். ட்ரெய்லருக்குப் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் முன்பாரம் வேண்டும் என்பது இதே நியாயம், வேகம் மட்டும் மணிக்கு நூறு கிலோமீட்டர். முன்பாரம் குறைந்த ட்ரெய்லரைப் பெரிய லாரி ஒன்று கடக்கும்போது காற்று தள்ளினால், அதன் வால் ஊசலாடத் தொடங்கும். குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே அந்த ஆட்டம் தானே அடங்கும். அதற்கு மேலே ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும், கடைசியில் ட்ரக்கையும் சேர்த்துத் திருப்பிவிடும்.

எடையைப் பகிரும் ஹிட்ச் போட்டால் போதும் என்பார்கள். நல்ல சாதனம்தான். பின் அச்சில் அழுந்தும் பாரத்தில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் ட்ரெய்லர் அச்சுக்கும் மாற்றி, தூக்கிக்கொண்ட ட்ரக்கின் மூக்கை இறக்கி, ஸ்டியரிங்குக்குப் பிடிப்பைத் திருப்பித் தரும். ஆனால் ஸ்டிக்கரிலுள்ள எண்ணை அது உயர்த்தாது. காற்றுப் பைகளும் அப்படியே: வண்டி மட்டமாகத் தெரியும், அச்சும் டயரும் பிரேக்கும் பழையவைதான். ‘போன வருடம் மேடு ஏறியதே’ என்பது இன்னொரு வாதம். ஏறுவது எஞ்சினின் வேலை. இறங்குவதும் திடீரென்று நிறுத்துவதும் வேறு வேலை. ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவை எட்டிய ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் என்று சட்டம் சொல்வது அதனால்தான். பெரிய ட்ரக் வாங்கிவிடலாமே என்றால், வாங்கலாம். அங்கேயும் ஸ்டிக்கரைப் பாருங்கள். முக்கால் டன் டீசல் ட்ரக்கில் எஞ்சினின் கனமே பேலோடில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

ட்ரெய்லர் பக்கமும் ஒரு கண்ணி இருக்கிறது. விற்பனைத் தாளில் முன்னால் நிற்பது வெற்று எடை. முன்பாரமும் வெற்று ட்ரெய்லருக்கு உரியது. தொட்டியில் 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ. நிரம்பிய இரண்டு புரொப்பேன் சிலிண்டர்கள் கிட்டத்தட்ட 34 கிலோ, அதுவும் நேரே முன் நுனியில். ஆகவே கணக்குக்கு எடுக்க வேண்டியது ட்ரெய்லரின் அனுமதிக்கப்பட்ட உச்ச மொத்த எடை. நம் உதாரணக் குடும்பத்துக்கு அது 2,200. நீளத்தில் இருபது அடியை ஒட்டிய ட்ரெய்லர். முப்பதடியைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு இது சின்னதாகத்தான் படும்.

வாங்குவதற்கு முன்பே ஒரு வேலை செய்யலாம். நெடுஞ்சாலையோரப் பெரிய ட்ரக் நிறுத்தங்களில் எடைமேடை உண்டு. எரிபொருளை நிரப்பி, குடும்பத்தை ஏற்றி, கொண்டுபோகும் சாமானையும் பின்பெட்டியில் வைத்துக்கொண்டு அதில் ஏறி நில்லுங்கள். கிடைக்கும் சீட்டிலுள்ள மொத்தத்தை, கதவுச் சட்டத்தில் எழுதியிருக்கும் ட்ரக்கின் உச்ச மொத்த எடையிலிருந்து கழியுங்கள். ஹிட்சுக்கும் முன்பாரத்துக்கும் சேர்த்து உங்களிடம் இருப்பது அந்த மிச்சம். விற்பனையாளரிடம் போகும்போது அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இழுவைத் திறனைப் பற்றி அவர் பேசத் தொடங்கும்போது வெளியே எடுக்கலாம்.